டர்போவா, சாதாவா? ரோட்டரி வண்டி வாங்கும் முன்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 வாங்கக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது குதிரைத்திறன். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இந்த ரோட்டரி இன்ஜினில் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. டர்போ இல்லாத ரோட்டரி இன்ஜின் சொல்லிச் சொல்லித் தேயும். டர்போ வைத்தது சொல்லாமல் உடையும். எந்த மாதிரி சாவுக்கு உங்களிடம் காசும் பொறுமையும் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டர்போ என்பது எக்ஸாஸ்ட் காற்றால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அது இல்லாததை என்.ஏ. என்பார்கள். இங்கே ‘சாதா’ என்றே வைத்துக்கொள்வோம்.

இங்கே பார்க்கப்போகும் மூன்று மாடல்களில், ஒரே வண்டியில் டர்போ, சாதா இரண்டும் கிடைத்து, இதுவா அதுவா என்று யோசிக்க வைப்பது உண்மையில் எஃப்சி மட்டும்தான். அதாவது இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7. அதிலும் ஜப்பானில் விற்றது டர்போதான். சாதா எஃப்சி அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற வெளிச்சந்தைகளுக்குப் போனது. அடுத்து 1991 கடைசியில் வந்து 2002 வரை தயாரான எஃப்டி முழுக்க டர்போ. சாதா வகையே கிடையாது. 2003 முதல் 2012 வரை வந்த ஆர்எக்ஸ்-8 முழுக்க சாதா; கம்பெனியிலிருந்து டர்போ வந்ததே இல்லை. அதனால் பலருடைய தேர்வு எஃப்டியா, ஆர்எக்ஸ்-8ஆ என்று முடிகிறது. அந்த ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

மூன்றுக்கும் அடிப்படை 13பி இன்ஜின். 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. முக்கோண ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஓர் அபெக்ஸ் சீல்: 2 மி.மீ. தடிமனில் ஒரு வார்ப்பிரும்புப் பட்டி, அடியில் அதை வெளியே தள்ளும் ஸ்பிரிங். ரோட்டருக்கு மூன்று, இன்ஜினுக்கு ஆறு. ரோட்டரைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங்கின் சுவரை உரசிக்கொண்டே ஓடும் இந்த ஆறு பட்டிகளும்தான் கம்ப்ரெஷனை, அதாவது அறைக்குள் நெருக்கப்படும் கலவையின் அழுத்தத்தை, பிடித்து வைத்திருக்கின்றன. பிஸ்டன் இன்ஜின் லேசான நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடிப்பதை) பல நாள் தாங்கும். ரோட்டரி தாங்காது. பூஸ்டில் (டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தில்) இரண்டு மூன்று தடவை பலமாக நாக் ஆனாலே பட்டியின் முனை ஒடியும். ஒடிந்த துண்டு ரோட்டரைக் குத்தி, ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறி, எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். அந்த வழியில் முதலில் நிற்பது டர்போவின் டர்பைன் சக்கரம். ஒரு சீல் போனால் ஒரு ரோட்டர், ஒரு ஹவுசிங், ஒரு டர்போ என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சாதா இன்ஜினில் சீல் வருடக் கணக்கில் தேய்கிறது. கம்ப்ரெஷன் மெதுவாக இறங்கும், சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலிங் தடுமாறும். அப்போது பிரித்தால் ரோட்டரும் பெரும்பாலும் ஹவுசிங்கும் திரும்பப் பயன்படும். ரீபில்ட் செலவில் பெரிய வித்தியாசம் உண்டாவது இங்கேதான். சீல் கிட்டின் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். புது ஹவுசிங்கின் விலைதான் ஆளைச் சாய்க்கும்.

எஃப்சியின் கணக்கு

அமெரிக்காவில் விற்ற 1986–88 சாதா எஃப்சி 146 குதிரைத்திறன், 1989–91 வண்டி 160. அதே காலத்து டர்போ 182, பிறகு 200. காகிதத்தில் 40 குதிரைத்திறன்தான் வித்தியாசம். ஓட்டும்போது அது இரண்டு மடங்காகத் தெரியும். காரணம் டார்க், அதாவது சுழற்றும் விசை: சாதா 187 நியூட்டன் மீட்டர் அளவில், டர்போ 248 அளவில். சாதா ரோட்டரியில் 4000 ஆர்பிஎம்முக்குக் கீழே பெரிதாக எதுவும் நடக்காது. சிக்னலில் மூன்றாம் கியரில் சோம்பலாக இழுக்க நினைப்பவருக்கு அது பிடிக்காது. வளைவுச் சாலையில் கியரை மாற்றி மாற்றி 7000 வரை பாட விடுபவருக்கு வேறெதுவும் பிடிக்காது.

சாதா எஃப்சியில் ஒரு ரகசியம்: ஆறு இன்டேக் போர்ட் (காற்று நுழையும் துளை). நான்கு எப்போதும் திறந்திருக்கும். மற்ற இரண்டு, சிறு குழாய் வடிவ வால்வுகள் சுழன்று ஏறத்தாழ 3800 ஆர்பிஎம்முக்கு மேல் திறக்கும். 1986–88 வண்டியில் இந்த வால்வைத் திருப்புவது எக்ஸாஸ்டின் பின்னழுத்தம். யாராவது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்டைக் கழற்றி நேர்க்குழாய் போட்டிருந்தால் பின்னழுத்தம் போய்விடும், வால்வு திறக்காது, 4000க்கு மேல் வண்டி மூச்சு முட்டி நிற்கும். சத்தம் அதிகம், வேகம் குறைவு. ‘சாதா வண்டி சுத்த வேஸ்ட்’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஓட்டியது இப்படிப்பட்ட வண்டியாகத்தான் இருக்கும். 1989 முதல் வந்த வண்டியில் ஏர் பம்பின் அழுத்தம் அந்த வேலையைச் செய்கிறது. அதில் ஏர் பம்பைக் கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்துவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டின் இரு முனையிலும் உள்ள ஆக்சுவேட்டர் கம்பியைக் கையால் அசையுங்கள். வழுக்கிக்கொண்டு சுழல வேண்டும். கார்பன் பிடித்து இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், இன்ஜின் இறக்க வேண்டாம்.

டர்போ எஃப்சியில் இதற்கு நேர்மாறான சிக்கல். அதில் எக்ஸாஸ்டைத் திறந்துவிட்டால் வண்டி வேகமாகும், ஆனால் மிஞ்சிய எக்ஸாஸ்ட் காற்றை டர்போவுக்குள் விடாமல் வெளியேற்றும் வேஸ்ட்கேட் துளை சின்னது. தப்பிக்க வழியில்லாத எக்ஸாஸ்ட் காற்று டர்பைனை மேலும் மேலும் சுழற்றும். யாரும் தொடாமலே பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். இதைத்தான் பூஸ்ட் க்ரீப் என்கிறோம். கம்பெனி இசியூ (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) ஓர் அளவுக்கு மேல் ஃப்யூயல் கட் செய்து, அதாவது பெட்ரோலை நிறுத்தி, காப்பாற்றும்; தலையில் அடித்தது போல வண்டி உலுக்கும். அந்த உலுக்கல் பிடிக்காமல் ‘ஃப்யூயல் கட் டிஃபென்சர்’ என்ற சின்னப் பெட்டியை மாட்டியவர்கள் நிறைய. காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை. பழைய டர்போ எஃப்சியில் அந்தப் பெட்டியைக் கண்டால், கம்ப்ரெஷன் ரிப்போர்ட் இல்லாமல் மேற்கொண்டு பேச வேண்டாம்.

டர்போ, சாதா இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து: பெட்ரோல் குழாயில் அழுத்தத்தின் துடிப்பை அடக்கும் பல்சேஷன் டாம்பர். உள்ளே இருக்கும் சவ்வு பழசாகிக் கிழிந்தால் டாம்பரின் உச்சியிலுள்ள திருகு வழியாகப் பெட்ரோல் கசியும், அதுவும் சூடான இன்ஜின் மேலேயே. எஃப்சி தீப்பிடித்ததற்கு இது பெயர் போன காரணம். பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் முதலில் இதைப் பாருங்கள். புது டாம்பர், அல்லது அதை எடுத்துவிட்டு பான்ஜோ போல்ட் (பெட்ரோல் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்), இரண்டில் ஒன்று உடனே.

சாதா எஃப்சி வாங்கிப் பிறகு டர்போ மாட்டிக்கொள்ளலாம் என்ற திட்டம்? வேண்டாம். முடியாத காரியமல்ல, கட்டுபடியாகாத காரியம். சாதா ரோட்டரின் கம்ப்ரெஷன் விகிதம் 9.4, பிந்தைய வண்டியில் 9.7; டர்போவுக்கு 8.5, பிந்தையதில் 9.0. விகிதம் கூடினால் நாக்கிங்குக்கான இடைவெளி சுருங்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சாதாவுக்கு 460 சிசி, டர்போவுக்கு 550. கியர்பாக்ஸ் வேறு, டிஃபரன்ஷியல் வேறு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வேறு, இசியூ வேறு, டர்போவுக்கு ஆயில் போய்வரும் வழி வேறு. சாதாவின் கியர்பாக்ஸ் டர்போவின் இழுவையைக் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு பல் உதிரும். இத்தனையும் மாற்றிய தொகையில் முழு டர்போ வண்டியையே வாங்கியிருக்கலாம். டர்போ வேண்டுமென்றால் டர்போவாகவே வாங்குங்கள்.

எஃப்டி: அழகுக்கு வரி

எஃப்டியின் 13பி-ஆர்இடபிள்யூ இன்ஜினில் இரண்டு டர்போ, வரிசை முறையில். சுமார் 4500 ஆர்பிஎம் வரை ஒன்று மட்டும், அதற்கு மேல் இரண்டும். ஆரம்பத்தில் 255 குதிரைத்திறன், 1999 ஜப்பான் வண்டிகளில் 280. எடை 1300 கிலோவை ஒட்டி. அதற்குச் சமமான வண்டியை இன்றும் தேட வேண்டியிருக்கிறது, அதில் சண்டையில்லை.

அந்த இரண்டு டர்போவையும் மாற்றிவிடுவது வேக்குவம் குழாய்களும் சோலினாய்டுகளும் (மின்சார வால்வுகளும்) சேர்ந்த ஒரு சிக்கல். இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் நூடுல்ஸ் கொட்டியது போலக் கிடக்கும். சூட்டில் ரப்பர் கல்லாக இறுகி, ஒன்று கழன்றால் போதும், இரண்டாம் டர்போ வேலைக்கு வராது. ஓட்டிப் பார்க்கும்போது பூஸ்ட் கேஜை மாட்டிக்கொண்டு போங்கள். மூன்றாம் கியரில் 3000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதியுங்கள். முள் 10 பிஎஸ்ஐ வரை ஏற வேண்டும், 4500 அருகே 8க்கு ஒரு கணம் இறங்க வேண்டும், மறுபடி 10க்கு வர வேண்டும். பத்து, எட்டு, பத்து. இறங்கியது ஏறாவிட்டால் இரண்டாம் டர்போவின் கட்டுப்பாடு போயிருக்கிறது. 12, 13 என்று தாண்டினால் பூஸ்ட் க்ரீப். இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. கம்பெனி இன்ஜெக்டர்களாலும் இசியூவாலும் அத்தனை காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் தர முடியாது, கலவை மெலியும், பிறகு மேலே சொன்ன பட்டியின் கதைதான்.

இன்டேக், எக்ஸாஸ்டின் டவுன்பைப், மிட்பைப், சைலன்சர் நான்கும் மாற்றியிருந்தும் இசியூ கம்பெனியுடையதாகவே இருந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். ட்யூன் செய்த இசியூ என்றால் ட்யூனிங் தாளைக் கேளுங்கள்: எந்த பூஸ்டில், எந்தப் பெட்ரோலில், காற்று–பெட்ரோல் விகிதம் என்ன. முழு பூஸ்டில் 11ஐ ஒட்டி இருக்க வேண்டும். 12ஐத் தாண்டியிருந்தால் அந்த ட்யூனர் பிஸ்டன் இன்ஜின் பழக்கத்தில் வேலை செய்திருக்கிறார்.

அடுத்தது சூடு. ரோட்டரியில் தீ எரிவது எப்போதும் ஹவுசிங்கின் ஒரே பக்கத்தில்; மறுபக்கம் குளிர்ந்த காற்று நுழையும் பக்கம். பிஸ்டன் இன்ஜின் போல ஒரே இடத்தில் மாறி மாறி நடப்பதில்லை. அதனால் ஹவுசிங் ஒரு பக்கமாக விரியும். ஹவுசிங்குக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவே கூலன்ட்டைத் தடுத்து நிற்பது ரப்பர் சீல். ஒருமுறை இன்ஜின் கொதித்தாலே அது கருகலாம். எஃப்டியில் கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று உண்டு; தையல் கோட்டில் வெடிப்பது அதன் வழக்கம். அலுமினிய டப்பா மாட்டியிருந்தால் அந்த உடைமையாளர் விவரம் தெரிந்தவர். டாஷ்போர்டின் வெப்பமானியை நம்ப வேண்டாம். முள் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது அசையும் நேரத்தில் காரியம் கெட்டிருக்கும். தனியாக ஒரு கூலன்ட் கேஜ் எஃப்டிக்கு முதல் செலவு. பூஸ்ட் கேஜ் இரண்டாவது. அலாய் வீல் பதினைந்தாவது.

கூலன்ட் சீல் போன அறிகுறி: குளிர்ந்த ஸ்டார்ட்டில் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை, இரவு நிறுத்தி வைத்த பிறகு ஒரு ரோட்டர் சில வினாடி தடுமாறுவது, காரணமில்லாமல் ரிசர்வ் டப்பா நிரம்புவது. குளிர்ந்த இன்ஜினில் கூலன்ட் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் நாலு குமிழி வந்து நின்றால் பரவாயில்லை. ஷாம்பெயின் போல நிற்காமல் வந்தால் இன்ஜின் இறக்க வேண்டும்.

பொறி: ஆர்எக்ஸ்-8

டர்போ இல்லை, அதனால் பாதுகாப்பு என்று ஆர்எக்ஸ்-8க்கு ஓடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதன் ரெனிசிஸ் இன்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட் ஹவுசிங் சுவரிலிருந்து பக்கத் தட்டுக்குப் போனது. கம்ப்ரெஷன் விகிதம் 10, மேனுவல் கியர் வண்டியில் ரெட்லைன் 9000, 230 குதிரைத்திறனுக்கு மேல். அருமையான இன்ஜின், ஆனால் ஆரம்ப வண்டிகளில் சீல்களுக்குப் போன எண்ணெய் போதவில்லை. அமெரிக்காவில் 2004–08 வண்டிகளின் இன்ஜினுக்கு உத்தரவாதத்தை 8 ஆண்டு, 1 லட்சம் மைல் என்று மாஸ்டாவே நீட்டித்தது. 2009 முதல் வந்த வண்டியில் ரோட்டருக்கு இரண்டாக இருந்த எண்ணெய்த் துளை மூன்றானது, எண்ணெய் தள்ளும் பம்ப்பும் மின்சாரமானது. காசு கொஞ்சம் கூடினாலும் அதைத் தேடுவதே லாபம்.

ஆர்எக்ஸ்-8இன் மரணம் பெரும்பாலும் ஒரு சங்கிலி. இக்னிஷன் காயில் சோர்கிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டில் போய் எரிகிறது, தேன்கூடு உருகி அடைக்கிறது, வெளியேற வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்புகிறது, சீல் போகிறது. சங்கிலியின் முதல் கண்ணி சில ஆயிரம் ரூபாய்ச் சரக்கு. நான்கு காயில்களையும் 50,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். கூடவே பிளக். ரோட்டருக்கு இரண்டு பிளக்: முதலில் பற்றவைக்கும் லீடிங்குக்கு ஒரு வகை, பின்னால் வரும் ட்ரெய்லிங்குக்கு வேறு வகை. என்ஜிகேயில் ஆர்இ7ஏ-எல், ஆர்இ9பி-டி. இடம் மாற்றிப் போடும் மெக்கானிக் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஃப்ளடிங் இன்னொரு தலைவலி. குளிர்ந்த வண்டியை வாசலிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்தி உடனே அணைத்தால் அறைக்குள் பெட்ரோல் தேங்கி, சுவரிலிருக்கும் எண்ணெய்ப்படலத்தைக் கழுவிவிடும். கம்ப்ரெஷன் பிடிக்காது, ஸ்டார்ட் ஆகாது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு பத்து வினாடி ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். முழு மிதியில் இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது. ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி. மூன்று தடவையில் வராவிட்டால் பிளக்கைக் கழற்றி உலர்த்த வேண்டும். பேட்டரி சோர்வாக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம். ஸ்டார்ட் ஆன வண்டி சூடாகும் வரை அணைக்காதீர்கள். அதற்கு நேரமில்லாத நாளில் வண்டியை நகர்த்தாதீர்கள்.

கம்ப்ரெஷன் முள் சொல்வது

டர்போவோ சாதாவோ, வாங்கும் முன் இது ஒன்றுக்கு விலக்கு கிடையாது. முக்கோண ரோட்டருக்கு மூன்று முகம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்ரெஷன். பிஸ்டன் இன்ஜின் கேஜ் மூன்று முகங்களில் உயர்ந்ததை மட்டும் பிடித்துக் காட்டும். ஒரு முகம் செத்திருந்தாலும் 100 பிஎஸ்ஐ என்று சிரிக்கும். ரோட்டரி டெஸ்டர் மூன்று முகத்தையும் தனித்தனியாகத் தரும், ஸ்டார்ட்டர் சுழன்ற வேகத்தையும் தரும். எண்களை 250 ஆர்பிஎம்முக்குத் திருத்திப் படிக்க வேண்டும். எஃப்டிக்குக் குறைந்தபட்சம் சதுர செ.மீ.க்கு 6.0 கிலோ, ஆர்எக்ஸ்-8க்கு 6.9. புது இன்ஜின் 8.5ஐ ஒட்டி இருக்கும். ஒரு ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5க்கு மேல் போகக் கூடாது. 7.2, 7.0, 7.1 என்று மூன்றும் நெருங்கி நின்றால் ஓடித் தேய்ந்த நல்ல இன்ஜின். 8.1, 8.0, 5.2 என்றால் ஒரு முகம் கசிகிறது. சராசரி பார்த்து ஏமாறாதீர்கள்.

டெஸ்டர் கிடைக்காத ஊரில் சாதாரண கேஜை வைத்தே ஓரளவு பார்க்கலாம். இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஒரு பிளக் துளையில் கேஜை மாட்டி, அதன் காற்று வெளியேற்றும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஓட்டச் சொல்லுங்கள். முள் துள்ளும். துப்-துப்-துப் என்று சமமான மூன்று துள்ளல் வந்தால் நல்லது. துப்-துப், இடைவெளி, துப்-துப், இடைவெளி என்று கேட்டால் மூன்றாவது முகம் காலி.

விற்பவர் தந்திரம் இரண்டு. பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் ஒரு நாளைக்குக் கம்ப்ரெஷன் ஏறும். வேகமான ஸ்டார்ட்டர் போட்டாலும் ஏறும். அதனால்தான் 250க்குத் திருத்தாத எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டுக்கும் மாற்று மருந்து, நீங்களே அரை மணி நேரம் ஓட்டி, சூட்டோடு அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்வது. தேய்ந்த இன்ஜின் குளிரில் சட்டென்று எழும்பும், சூட்டில் இழுக்கும்.

வாங்கிய பிறகு எண்ணெய். ரோட்டரி எண்ணெய் குடிக்கத்தான் வேண்டும். குடிக்காத வண்டிக்குத்தான் கவலைப்பட வேண்டும், சீல்களுக்கு எண்ணெய் அளந்து விடும் மீட்டரிங் பம்ப் நின்றிருக்கலாம். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக். 5,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றம். கூடவே டாங்க்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பவர்கள் அதிகம்: மீட்டரிங் பம்ப் இயங்கும் வண்டிக்கு 20 லிட்டருக்கு 80 முதல் 100 மி.லி., பம்ப்பைக் கழற்றிவிட்ட வண்டிக்கு 150க்குக் குறையாமல். சாம்பல் குறைவான, ஜேஏஎஸ்ஓ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எஃப்சி அல்லது எஃப்டி தர ஆயில். (தரத்தின் பெயரும் வண்டியின் பெயரும் ஒன்றாகிப்போனது தற்செயல். எஃப்சி வண்டிக்கு எஃப்டி ஆயில் ஊற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஊற்றலாம்.)

தினமும் வேலைக்குப் போக ஒரே வண்டிதான் என்றால் சாதா எஃப்சி அல்லது 2009 முதல் வந்த ஆர்எக்ஸ்-8. மைலேஜ் ஊருக்குள் லிட்டருக்கு 7 கி.மீ. அளவில் என்பதற்கு வீட்டில் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். டிராக்கில் மணிக்கணக்கில் ஓட்டவும் சாதாதான். 1991இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பியின் நான்கு ரோட்டர் இன்ஜினுக்கும் டர்போ கிடையாது. வாரக் கடைசி வண்டி, பக்கத்தில் ரோட்டரி தெரிந்த ட்யூனர், வண்டி விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைக்க வழி, இந்த மூன்றும் இருந்தால் எஃப்டிக்குப் போங்கள், தயங்காதீர்கள். மூன்றில் இரண்டுதான் இருக்கிறது என்றால் மாற்றம் செய்யாத டர்போ எஃப்சி.

பார்க்கப் போகும் நாளில் விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள், நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் வணக்கம் சொல்லிக்கொண்டே கையைப் பானட் மேல் வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் வெள்ளைப்புகையை அவர் காலையிலேயே ஊதித் தள்ளிவிட்டார்.